340 தமிழ்க் கட்டுரைகளை ஸ்டேட்டிக் தளத்துக்கு மாற்றுவது: ஹெட்லெஸ் சி.எம்.எஸ். தேவையா?

கேள்வி, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து, 4 ஜனவரி 2025

அண்ணே, எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இதழை இணையத்தில் போட வேண்டும். மாதம் ஐந்தாறு கட்டுரை வரும். எழுதுபவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். ஹெட்லெஸ் சி.எம்.எஸ். (கட்டுரைகளை எழுதிச் சேமிக்க மட்டும் உதவும் மென்பொருள்) வைத்து ஸ்டேட்டிக் தளமாகக் கட்டினால் செலவு குறையும், யாரும் எளிதில் உள்ளே புகுந்து கெடுக்க முடியாது என்கிறார்கள். இவ்வளவு சின்ன இதழுக்கு அது தேவையா? பினாங்கு பட்டர்வொர்த்தில் உங்கள் வாசகர் வட்டத்துக்கு நீங்கள் இந்த வேலையில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எதில் தொடங்குவது?

4 ஜனவரி, இரவு 11.20

ஸ்டேட்டிக் தளம் தேவை. சி.எம்.எஸ். தேவையில்லை.

எங்களிடம் 2001 முதல் எழுதிய கட்டுரைகள் 340 சொச்சம் இருக்கின்றன. 2009-இல் அவற்றை வேர்ட்பிரஸ் என்ற சி.எம்.எஸ்.இல் ஏற்றினோம். போன நவம்பரில், நாங்கள் புதுப்பிக்காமல் விட்ட ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) வழியாக யாரோ புகுந்து ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் சூதாட்ட இணைப்புகளைச் செருகிவிட்டார்கள். சர்வர் கொடுத்த நிறுவனம் தளத்தை மூடியது. மறுபடி திறக்க 9 நாள் ஆயிற்று. மறைந்த உறுப்பினர் ஒருவரின் மகள் அந்த நாட்களில்தான் எனக்குப் போன் செய்தார். அப்பாவின் நினைவு நாளுக்கு அவர் எழுதியதை வாசிக்கலாம் என்று தேடினாராம், பக்கம் வரவில்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஸ்டேட்டிக் என்றால் எல்லாப் பக்கங்களும் முன்கூட்டியே ஹெச்.டி.எம்.எல். கோப்பாகத் தயாராகி அலமாரியில் இருக்கும். வாசகர் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் சர்வரின் வேலை. பின்னால் டேட்டாபேஸ் இல்லை, பி.ஹெச்.பி. நிரல் இல்லை, புகுவதற்கு அந்த வழியும் இல்லை. கட்டுரையை மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் வெற்று உரை) கோப்பாக எழுதி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் வைத்து, பக்கங்களைச் செய்யும் ஹியூகோவை ஓட்டினால் தளம் தயார். இதுவே போதும் என்பது என் கருத்து.

5 ஜனவரி, காலை

நேற்றுச் சொல்ல விட்டது. ஹியூகோ 2013-இல் வந்தது, கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. ஒரே ஒரு கோப்பை இறக்கிக்கொண்டால் ஓடும். அதற்கு முன்னோடியான ஜெக்கில் 2008-இல் வந்தது, அதற்கு ரூபி என்ற நிரல் மொழியை நிறுவ வேண்டும். என் பழைய லேப்டாப்பில் 340 கட்டுரையும் இரண்டு விநாடிக்குள் பில்ட் ஆகிவிடுகிறது, அதாவது பக்கங்களாகிவிடுகிறது. இதே வேலையைச் செய்யும் ஆஸ்ட்ரோ, இலெவன்ட்டி இரண்டும் நல்லவைதான். ஆனால் அவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடும் அதைச் சார்ந்த நூறு சிறு பொதிகளும் வேண்டும். ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் ஓட வேண்டும் என்பதால்தான் நான் ஹியூகோவை எடுத்தேன்.

தளத்தை வைக்கும் செலவு பற்றிச் சொல்லியிருந்தீர்கள். கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜி.பி. வரை இருக்கலாம், மாதம் 100 ஜி.பி. வரை போக்குவரத்து. கிளவுட்ஃபிளேர் பேஜஸின் இலவசத் திட்டத்தில் மாதம் 500 பில்ட், 20,000 கோப்பு. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் கால்வாசிகூடத் தேவைப்படாது.

12 ஜனவரி, இரவு

முதல் குறிப்பில் 'சி.எம்.எஸ். தேவையில்லை' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

எங்கள் வட்டத்தில் அதிகம் எழுதுபவர் ஒரு டீச்சர், தமிழ்ப்பள்ளியில் 30 வருடத்துக்கு மேல் கற்பித்தவர், வயது 74. இன்று மதியம் பிறையில் அவர் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய் மார்க்டவுன் சொல்லிக் கொடுத்தேன். தலைப்புக்கு முன் ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் இரட்டை நட்சத்திரம் என்றேன். பொறுமையாகக் கேட்டார், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கோப்பின் தலையில் தேதியும் தலைப்பும் போடும் பகுதிக்கு வந்தபோது ஒரு மேற்கோள் குறி விட்டுப்போய் பில்ட் நின்றுவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலப் பிழைச் செய்தி. அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "தம்பி, நான் தாளில் எழுதித் தருகிறேன், நீயே போட்டுவிடு" என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு வலித்தது. 2009 முதல் தன் கட்டுரையைத் தானே ஏற்றி, தானே பிழை திருத்தியவர் அவர். நான் கொண்டுபோன புது ஏற்பாடு அந்த உரிமையைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டது. பாலத்தைக் கடந்து வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாதுகாப்பையும் வேகத்தையும் யோசித்த நான், எழுதுபவர் உட்காரும் இடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஹெட்லெஸ் சி.எம்.எஸ். அந்த இடத்துக்குத்தான். எழுதுபவருக்குப் பழகிய திரை ஒன்று இருக்கும், வாசகருக்குக் காட்டும் பகுதி மட்டும் அதில் இருக்காது. எழுதியதை ஏ.பி.ஐ. (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) வழியாக வேறு யாராவது எடுத்துப் பக்கமாக்கிக்கொள்ளலாம்.

13 ஜனவரி

ஈப்போவிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: டீகேப் மாதிரி கிட்டின் மேலேயே உட்காரும் சி.எம்.எஸ். போதாதா? அதைத்தான் முதலில் பார்த்தேன், அக்கா. நெட்லிஃபை சி.எம்.எஸ். என்று இருந்து 2023-இல் பெயர் மாறியது. அழகான ஏற்பாடு: எழுதுபவர் படிவத்தில் நிரப்புவார், அது நேராக மார்க்டவுன் கோப்பாகக் கிட்டில் போய் உட்காரும், டேட்டாபேஸே வேண்டாம். உள்ளே நுழையத்தான் சிக்கல். சாதாரணமாக அமைத்தால் ஒவ்வொருவருக்கும் கிட் சேவையில் ஒரு கணக்கு வேண்டும், அதோடு இரட்டைச் சரிபார்ப்பும். டீச்சரைப் போல எங்களிடம் ஐந்து பேர். உங்கள் குழுவில் எல்லாரும் நாற்பதுக்குக் கீழ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள்.

19 ஜனவரி

முடிவு எடுத்தாகிவிட்டது. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: பழைய வேர்ட்பிரஸையே வைத்துக்கொண்டேன். ஆனால் இனி அது வீட்டுக்குள் இருக்கும். வாசகருக்கான வெளி முகவரி கிடையாது, பிளகின் எல்லாம் எடுத்தாகிவிட்டது, கடவுச்சொல் வைத்த வாசலுக்குப் பின்னால் ஒரு சின்ன சர்வரில் ஓடுகிறது. வாசகர் அதைத் தொடவே மாட்டார். டீச்சருக்கு அதே திரை, அதே நீலப் பொத்தான்.

2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தன் கட்டுரைகளை ஏ.பி.ஐ. வழியாக ஜேசனாக (நிரல்கள் எளிதில் படிக்கும் உரை வடிவம்) தருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. அதிலிருந்து படித்து மார்க்டவுன் கோப்பாக எழுதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டேன். கோப்பு கிட்டுக்குப் போகும், ஹியூகோ பில்ட் செய்யும். இப்போதைய ஹியூகோ (2024 மே, 0.126 முதல்) நேராக ஏ.பி.ஐ.யிலிருந்தே பக்கங்களைச் செய்துகொள்ளும், நடுவில் கோப்பு தேவையில்லை. ஆனாலும் எனக்குக் கோப்பு வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஓட்டத்தில் தளத்தில் 10 கட்டுரைதான் வந்தது. கேட்காவிட்டால் ஒரு தடவைக்கு 10 தான் தரும், கேட்டாலும் 100-க்கு மேல் தராது. மொத்தம் எத்தனை பக்கம் என்று பதிலின் தலைப்பு வரிகளில் வரும். அதைப் படித்துச் சுற்றி வர வேண்டும். 10 மட்டும் வந்தாலும் பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் எண்ணிப் பார்க்காவிட்டால் தெரியாது.

26 ஜனவரி, ஞாயிறு, மிக நீளமான குறிப்பு

ஒரு வாரமாக இதில்தான் இருந்தேன்.

எல்லாக் கோப்பும் வந்ததும், சோதித்துப் பார்ப்போமே என்று 'கோயில்' என்ற சொல்லை மொத்தக் கோப்புகளிலும் தேடினேன். 61 கோப்பு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர்மலை, குயின் தெரு மாரியம்மன், தோட்டத்து முனீஸ்வரர் என்று பாதிப் பேர் கோயிலைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்கள்! தைப்பூசக் கட்டுரை ஒன்றைத் திறந்தேன். முதல் வரியிலேயே 'கோயில்' இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, தேடலுக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரம்) 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க போட்டு ஓகாரக் குறி ஒன்றை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது க, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இந்த நிலைதான்.

எங்கள் கோப்புகளில் இது எப்படி வந்தது என்று தேடிக்கொண்டு போனபோது 2001-க்கே போய்விட்டேன். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அப்போது நாங்கள் தட்டியது டிஸ்கி எழுத்துருவில், யூனிகோட் பரவும் முன் இருந்த தமிழ்க் குறியீட்டு முறை அது. முத்து நெடுமாறன் இங்கிருந்து உருவாக்கிய முரசு அஞ்சலைத்தான் எங்களில் பலர் வைத்திருந்தோம். தமிழில் கணினியைத் தொட்ட முதல் தலைமுறை மலேசியர் பலருக்கு அதுதான் வாசல். டிஸ்கியில் எழுத்துகள் கண்ணால் பார்க்கும் வரிசையில் நிற்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் உச்சரிக்கும் வரிசை: க முதலில். 2009-இல் யூனிகோடுக்கு மாற்ற யாரோ எழுதிய ஒரு சிறு கருவியைப் பயன்படுத்தினோம். அது கொம்பைக் க-வுக்குப் பின்னால் நகர்த்தியது, காலை அதன் இடத்திலேயே விட்டுவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக்கவில்லை. பார்வைக்குப் பிழை இல்லாததால் 15 வருடம் யாரும் கவனிக்கவில்லை.

தீர்வு ஒரே வரி. யூனிகோட் தரத்திலேயே என்.எஃப்.சி. என்று ஒரு சீராக்கம் இருக்கிறது, பிரிந்து கிடப்பதைச் சேர்த்துவிடும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் உள்ளமைந்தே வருகிறது. என் ஸ்கிரிப்ட்டில் கோப்பு எழுதுவதற்கு முந்தைய வரியில் அதைச் சேர்த்தேன். மறுபடி தேடினேன்: 212 கோப்பு.

அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 151 கட்டுரைகள் இத்தனை வருடம் இருந்தும் இல்லாமல் இருந்திருக்கின்றன. போன் செய்த அந்த மகள் அப்பாவின் பெயரைத் தட்டித் தேடியிருந்தால், பெயரில் ஓர் ஓகாரம் இருந்தால், தளம் திறந்திருந்த நாளிலும் கிடைத்திருக்காது.

27 ஜனவரி

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். 'தீர்வு ஒரே வரி' என்றது முழு உண்மை இல்லை. ஔவையார் என்பதை ஒ போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்தைப் போட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அது ஒ, ள என்ற இரண்டு தனி எழுத்து, என்.எஃப்.சி. அதைத் தொடாது. கௌரவம், மௌனம் எல்லாவற்றிலும் இதே கதை. காலுக்குப் பதில் ர போட்டவர்களும் உண்டு. இவற்றைப் பட்டியல் போட்டுக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும். 43 இடம் இருந்தது. டீச்சர் திருத்தித் தந்தார், ஒரே மாலையில்.

கோயிலா கோவிலா என்று ஒருவர் கேட்டார். இரண்டும் சரி. எழுதியவர் எழுதியபடியே விட்டேன், தேடலுக்கு மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகச் சேர்த்தேன். தேடலுக்குப் பேஜ்ஃபைண்ட் வைத்திருக்கிறேன். பில்ட் முடிந்த பக்கங்களிலிருந்து துண்டு துண்டாக அட்டவணை செய்து வைக்கும், பிரவுசர் தேவையான துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். சர்வர் வேண்டாம்.

2 பிப்ரவரி

ஸ்லக் பற்றி. அதாவது முகவரியின் கடைசித் துண்டு.

தலைப்பிலிருந்து தானாக ஸ்லக் செய்யும் பல கருவிகள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு குறிகளை எறிந்துவிடும். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் எழுத்து இல்லை, எழுத்தோடு ஒட்டும் குறி. அதனால் 'கோலாலம்பூர்' என்பது 'கலலமபர' ஆகிவிடும். நீங்கள் எடுக்கும் கருவியில் முதலில் இந்த ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

குறிகள் தப்பித்தாலும் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூ.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு மாறும்போது அது 9 எழுத்தாகும். கோலாலம்பூர் என்ற ஒரு சொல் மட்டும் 99 எழுத்து. வாட்ஸ்அப்பில் அந்த வால் ஒரு திரை நீளத்துக்குத் தொங்கும், பெரியவர்கள் அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து அழித்துவிடுகிறார்கள். வேர்ட்பிரஸில் ஸ்லக்குக்கு 200 எழுத்துதான் இடம் என்பதால் 22 தமிழ்க் குறியீட்டோடு வெட்டுப்படும். 'பினாங்குத் தமிழர் வாழ்வு' என்று தொடங்கும் தொடர் எங்களிடம் 14 பகுதி. அத்தனைக்கும் ஒரே வெட்டுப்பட்ட ஸ்லக், கடைசியில் 2, 3 என்று எண்.

ஆண்டும் ரோமன் எழுத்தில் ஒரு சின்னச் சொல்லும் வைத்து முகவரியைப் புதிதாகக் கொடுத்தேன். தமிழ் முகவரி வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அனுப்பினால் திறக்க வேண்டும், அதுதான் முதல் தேவை. பழைய முகவரிகளை ஹியூகோவின் ஏலியாஸ் (மாற்று முகவரி) பகுதியில் போட்டால் புது இடத்துக்குத் திருப்பிவிடும். ஒரு பழைய இணைப்பும் அறுந்துபோகக் கூடாது.

11 பிப்ரவரி, தைப்பூசம், நள்ளிரவு தாண்டி

கால் வலிக்கிறது, ஆனாலும் இதை இன்றே எழுத வேண்டும்.

நேற்று வெள்ளி ரதம் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைச் சாலைக்குப் புறப்படும் நாள். டீச்சர் 60களில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ரதம் பார்த்ததை எழுதியிருந்தார். காலை 6.15-க்கு நீலப் பொத்தானை அழுத்தினார். கட்டுரை வரவில்லை. நான் ரதத்துக்குப் பின்னால் கூட்டத்தில் நின்றுகொண்டு போனிலேயே பில்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை, கட்டுரையும் இல்லை.

காரணம் நேரம். ஹியூகோ எதிர்காலத் தேதி போட்ட பக்கத்தைச் செய்யாது. தேதியோடு நேர மண்டலம் எழுதாவிட்டால் அதை யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். நாம் யூ.டி.சி.க்கு 8 மணி முன்னால் இருக்கிறோம். ஆகவே நம் காலை 6.15 அதற்கு இன்னும் வராத நேரம். பிற்பகல் 2.15 தாண்டிய பிறகுதான் கட்டுரை பிறக்கும், அதுவும் யாராவது பில்ட் ஓட்டினால். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று ஒரு வரி எழுதினேன், உடனே வந்தது. (1982 ஜனவரி 1-க்கு முன் தீபகற்பத்தில் ஏழரை மணி வித்தியாசம். பழைய செய்திகளுக்கு நேரம் போடுபவர்கள் கவனிக்கவும்.)

இன்று அந்தக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நாளில் எங்கள் வழக்கமான மூன்று மாத வாசகர்கள் வந்துவிட்டார்கள், தளம் அசையவில்லை. டீச்சருக்குச் சொன்னேன். "எங்க அப்பாவை இத்தனை பேர் பார்த்தாங்களா" என்றார்.

16 பிப்ரவரி

சின்னக் குறிப்பு. சி.எம்.எஸ்.இல் ஏதாவது மாறினால் வெப்ஹூக் (மாற்றத்தைத் தானாக அறிவிக்கும் அழைப்பு) ஒன்று பில்டைத் தட்டி எழுப்ப வேண்டும். நான் ஒவ்வொரு சேமிப்புக்கும் தட்டும்படி வைத்திருந்தேன். காற்புள்ளியை மாற்றிவிட்டுச் சேமிப்பவர்கள் நம்மவர்கள். ஒரே வாரத்தில் 190 பில்ட் ஓடிவிட்டது, மாதத்துக்கே 500 தான். இப்போது வெப்ஹூக் 'மாறியிருக்கிறது' என்று குறித்து மட்டும் வைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்து, மாறியிருந்தால் ஒரு பில்ட். பத்து நிமிடம் பொறுக்க முடியாத செய்தி எங்களிடம் எதுவும் இல்லை.

2 மார்ச்

முன்னோட்டம். பழைய ஏற்பாட்டில் வெளியிடும் முன் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஹெட்லெஸ் ஆன பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பக்கமும் வராது, ஏனென்றால் பக்கம் செய்பவர் வேறு. எழுதுபவருக்கு இது பெரிய இழப்பு, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வரைவுகளையும் சேர்த்து ஹியூகோவை இன்னொரு தடவை ஓட்டி, கடவுச்சொல் வைத்த வேறு முகவரியில் வைத்திருக்கிறேன். வரைவுகளை ஏ.பி.ஐ. வெளியாருக்குத் தராது, ஸ்கிரிப்ட்டுக்கு அனுமதிச் சொல் தனியாகக் கொடுக்க வேண்டும். கட்டணச் சேவைகள் சிலவற்றில் இந்த முன்னோட்டத்துக்கான வசதி சேர்ந்தே வரும். காசு கொடுத்து வாங்கத் தகுந்த அம்சம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

9 மார்ச்

கோப்பு ஏன் வேண்டும் என்று பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா.

எனக்கு 58 வயது. எனக்குப் பிறகு இந்த ஸ்கிரிப்ட்டைப் பார்க்க எங்கள் வட்டத்தில் இன்று ஆள் இல்லை. சர்வருக்குக் காசு கட்டாமல் போனால் சி.எம்.எஸ். நின்றுவிடும், டேட்டாபேஸ் போய்விடும். மார்க்டவுன் கோப்பு அப்படி இல்லை, நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். கிட்டில் முழுப் பிரதி ஒன்று, டீச்சர் வீட்டுப் பென்டிரைவில் ஒன்று, அந்த மகளுக்கு அவர் அப்பா எழுதிய 11 கட்டுரை மட்டும் ஒரு தனிக் கோப்புறையில். நேற்று அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து ஒன்றைச் சத்தமாக வாசித்தார்.

எந்த ஹெட்லெஸ் சேவையை எடுத்தாலும், கட்டுரை முழுவதையும் படங்களோடு ஒரே தடவையில் வெளியே எடுக்க முடிகிறதா என்று சேரும் நாளிலேயே செய்து பாருங்கள். 'முடியும்' என்று எழுதியிருப்பது போதாது, எடுத்ததைத் திறந்து பாருங்கள்.

15 மார்ச்

செந்தூல் தம்பி, நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. சி.எம்.எஸ். பெயர்களை ஒப்பிடுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். உங்கள் எழுத்தாளர்களில் மூத்தவர் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் இப்போது எதில் எழுதுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வேர்டா, வாட்ஸ்அப்பா, தாளா? அவருக்குப் பழகிய திரைக்கு மிக அருகில் வரும் சி.எம்.எஸ். எதுவோ, அது உங்களுடையது. பக்கம் செய்யும் கருவியை நீங்கள் உங்களுக்குப் பிடித்தபடி எடுத்துக்கொள்ளலாம், அதை அவர் பார்க்கப் போவதில்லை.

அப்புறம், பழைய இதழ்களின் கோப்பு டிஸ்கியிலிருந்து வந்ததென்றால், 'கோயில்' எத்தனை கோப்பில் கிடைக்கிறது, என்.எஃப்.சி.க்குப் பிறகு எத்தனை என்று எண்ணி இங்கே எழுதுங்கள். உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ள உண்மையிலேயே ஆவலாக இருக்கிறேன்.